பகிஷ்கரிப்பு: யாருக்கு எதிராக, எதற்காக, எதுவரை?

நம்மவர்கள் நாலு பேர் கூடும் எந்த இலக்கியக் கூட்டத்திலும் இப்போது தவறாமல் எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. தொலைக்காட்சிகள் நம்மைப் பற்றிப் பொய் சொல்கின்றன, தேர்தல் வந்தால் வெட்கமின்றி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன என்பதே அது. முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் வரும் பரிகாரங்கள் எப்போதும் இரண்டுதான். ஒன்று, "அந்தச் சனலைப் பார்க்காதீர்கள்." மற்றது, "அரசாங்கம் அதைத் தடைசெய்ய வேண்டும்." முதலாவது பயனற்றது, இரண்டாவது ஆபத்தானது என்பது என் கருத்து. மூன்றாவது வழி ஒன்றுண்டு. அந்த அலைவரிசைக்குக் காசு கொடுக்கும் விளம்பரதாரரிடம் நுகர்வோராகப் போய்க் கணக்குக் கேட்பதே அது. இதைச் சொன்ன மாத்திரத்தில், "பகிஷ்கரிப்பா? அது நமக்கு எதிராகச் செய்யப்பட்ட காரியமல்லவா? நாமும் அதையே செய்வதா?" என்று நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் உண்டு.

முதலில் பார்க்காமலிருத்தல் பற்றி. ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வீடு வீடாகப் போய் எண்ணப்படுவதில்லை. தெரிவுசெய்யப்பட்ட சில வீடுகளின் பழக்கத்தை வைத்தே நாடு முழுவதற்குமான கணக்குப் போடப்படுகிறது. அந்த மாதிரி வீடுகளில் ஒன்றாக உங்கள் வீடு இல்லாவிட்டால், நீங்கள் கோபத்தோடு ரிமோட்டை அழுத்தியது உங்களுக்கும் உங்கள் சுவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. அதைவிடக் கசப்பான உண்மை ஒன்றும் இருக்கிறது. சிறுபான்மையைத் தூற்றும் அலைவரிசை அந்தச் சிறுபான்மையின் பார்வையாளர்களை இழப்பதற்கு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் முஸ்லிம்கள் 9.7 வீதம். அந்த 9.7 வீதத்தை இழந்து, மிகுதியில் ஒரு பகுதியைக் கோபத்தோடும் பயத்தோடும் திரையின் முன் கட்டிப்போட முடியுமென்றால் அது அவர்களுக்கு இலாபமான வியாபாரம்.

இனித் தடை. அரசாங்கத்திடம் போய் "இந்த வாயை மூடு" என்று கேட்பவர்கள், அந்தச் சட்டம் கடைசியில் யாருடைய வாயை மூடியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெறுப்புப் பேச்சைத் தடுக்கவென்று நாம் நம்பியிருந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தை. 2020 ஏப்ரலில் அதே சட்டத்தின் கீழ் கைதானவர் றம்ஸி றாஸிக். இனவெறுப்பைப் பேனையாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று எழுதிய மனிதர் அவர். ஐந்து மாதங்கள் மறியலில் இருந்தார். அதற்கு அடுத்த மாதம், மே 2020இல், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் விடுதலை. கவிதையை வாசிக்கத் தெரியாதவர்கள் கவிஞனைக் கூண்டில் ஏற்றிய நாட்டில், ஒலிபரப்பையும் ஒளிபரப்பையும் அவர்களே தணிக்கை செய்யட்டும் என்று எழுத்தாளர்களாகிய நாம் கேட்பது கத்தியைத் தீட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

ஆகவே மூன்றாவது வழிக்கு வருகிறேன். தனியார் தொலைக்காட்சியின் வாடிக்கையாளர் பார்வையாளர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் வாடிக்கையாளர் விளம்பரதாரர். பார்வையாளர்தான் அங்கே விற்கப்படும் சரக்கு. இரவுச் செய்தியின் இடைவேளைகளை ஒருநாள் கையில் தாளுடன் இருந்து குறித்துப் பார்த்தேன். பால்மா, சவர்க்காரம், பிஸ்கட், பற்பசை, தொலைபேசிக் கம்பனி, லீசிங் கம்பனி, வங்கி. இவற்றில் எதுவும் ஓர் இனத்துக்கென்று செய்யப்பட்ட பொருளல்ல. அலைவரிசைக்கு நாட்டைப் பிரித்து வைப்பதில் இலாபம் இருக்கலாம். பால்மாக் கம்பனிக்கு எல்லா வீட்டுக் குழந்தையும் வேண்டும். நூறு வீட்டில் பத்து வீட்டை இழப்பது அலைவரிசைக்குச் சிறிய விஷயம். சந்தையில் ஒரு வீதத்துக்காகப் போட்டியாளனோடு மல்லுக்கட்டும் கம்பனிக்கு அது பெரிய அடி. சிறுபான்மைக் குரலுக்கு நிறை கிடைக்கும் இடம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். மேரிலண்ட் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சின்க்ளேயர் ஒளிபரப்புக் குழுமத்திடம் அப்போது 62 தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன. நாட்டு வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றை அவை எட்டின. நவம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். ஜோர்ஜ் புஷ்ஷுக்கு எதிராக ஜோன் கெரி போட்டியிட்டார். தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், வழமையான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, கெரியைத் தாக்கும் ஒரு படத்தை ஒளிபரப்புமாறு குழுமம் தன் நிலையங்களுக்குப் பணித்தது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய கெரி, 1971இல் அந்த யுத்தத்துக்கு எதிராகச் செனட் குழுவின் முன் கொடுத்த சாட்சியம், சிறைப்பட்டிருந்த சக படையினருக்குச் செய்த துரோகம் என்பதே படத்தின் குற்றச்சாட்டு.

இந்தக் குழுமத்தின் சாய்வு அன்றுதான் தொடங்கியதுமல்ல. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி, ஈராக்கில் உயிரிழந்த எழுநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஏபிசி நிறுவனத்தின் 'நைட்லைன்' நிகழ்ச்சியில் டெட் கொப்பல் வாசித்தார். அதனைத் தன் ஏபிசி நிலையங்களில் காட்ட மாட்டோம் என்று சின்க்ளேயர் மறுத்தது. வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவரும் புஷ்ஷின் கட்சிக்காரருமான செனட்டர் ஜோன் மெக்கெய்னே அதைக் கண்டித்தார். ஆகப் பக்கச்சார்புக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை ஒன்றைத் திரையில் திணிக்கிறது. மறு கை இன்னொன்றைத் திரையிலிருந்து எடுத்துவிடுகிறது. நாம் பெரும்பாலும் முதலாவது கையை மட்டுமே பார்த்துக் கூச்சலிடுகிறோம்.

கெரியின் கட்சியினர் தேர்தல் ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். ஒளிபரப்புக்கு முன்னரே தலையிட்டு அதைத் தடுக்க முடியாது என்று தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவர் கைவிரித்துவிட்டார். அப்போது சாதாரண மக்கள் செய்த வேலைதான் நாம் படிக்க வேண்டியது. தத்தம் ஊரிலுள்ள சின்க்ளேயர் நிலையத்தைப் பார்க்காமல் விடுவதற்குப் பதிலாக, உட்கார்ந்து பார்த்தார்கள். யாருடைய விளம்பரம் போகிறது என்று குறித்தார்கள். பெரிய கம்பனிகளை மட்டுமல்ல, ஊர்க் கார் விற்பனையாளர், தளபாடக் கடைக்காரர், உணவகக்காரர் என்று பட்டியல் போட்டார்கள். பிறகு தொலைபேசி எடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள். "நாங்கள் உங்களுடைய வாடிக்கையாளர்கள். உங்கள் காசு எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்பதே கேள்வியின் சாரம். தூரத்திலிருக்கும் கம்பனித் தலைவரைவிட, தெருமுனைக் கடைக்காரருக்கே அந்தக் கேள்வி சுட்டது.

விளம்பரதாரர்கள் சிலர் விலகினார்கள். பங்கு விலை சரியத் தொடங்கியது. நியூயோர்க் மாநில ஊழியர் ஓய்வூதிய நிதியம் அந்தக் குழுமத்தில் பங்கு வைத்திருந்தது. அதைப் பொறுப்பாகக் கொண்ட மாநிலக் கணக்காளர், பங்குதாரரின் பணத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டார். ஒக்டோபர் 18ஆம் திகதி, குழுமத்தின் வொஷிங்டன் செய்திப் பிரிவுத் தலைவர் ஜோன் லீபர்மன், இது செய்தியல்ல, அரசியல் பிரசாரம் என்று பகிரங்கமாகச் சொல்லி வேலையை இழந்தார். மறுநாளே குழுமம் இறங்கி வந்தது. ஒக்டோபர் 22ஆம் திகதி 40 நிலையங்களில் வேறொரு நிகழ்ச்சி போனது. அதில் அந்தப் படத்தின் சில நிமிடங்களே இருந்தன. கெரியின் தரப்பும் காட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இது நடந்து முடிந்தது. எந்தச் சட்டமும் பாயவில்லை. எந்த நிலையத்தின் மீதும் ஒரு கல்கூட விழவில்லை.

இந்த வெற்றியை ஊதிப் பெருப்பிக்க நான் விரும்பவில்லை. தேர்தலில் புஷ்ஷே வென்றார். சின்க்ளேயர் அழியவுமில்லை, திருந்தவுமில்லை. பிறகு மூன்று மடங்காகப் பெருத்தது. 2018இல் அதன் பல நிலையங்களின் செய்தி வாசிப்பாளர்கள் 'பொய்ச் செய்தி'யைப் பற்றிய ஒரே வாசகத்தைச் சொல் பிசகாமல் ஒப்புவித்ததை உலகமே பார்த்தது. பகிஷ்கரிப்பு ஒரு நிறுவனத்தின் மனத்தை மாற்றுவதில்லை. குறிப்பிட்ட ஒரு செயலின் விலையை உயர்த்துகிறது, அவ்வளவுதான். அந்த அளவை அறியாதவர்கள் முதல் மாதத்தில் ஆர்ப்பரித்து இரண்டாம் மாதத்தில் சோர்ந்துபோவார்கள்.

இன்னொரு படிப்பினையும் அங்கிருந்தே வருகிறது. 2009 ஜூலையில் பொக்ஸ் அலைவரிசையில் க்ளென் பெக் என்பவர், அன்றைய ஜனாதிபதி ஒபாமா வெள்ளையர் மீது ஆழமான வெறுப்புக் கொண்ட இனவாதி என்றார். 'கலர் ஒஃப் சேஞ்ச்' என்ற கறுப்பின உரிமை அமைப்பு விளம்பரதாரர்களை ஒவ்வொருவராக அணுகியது. சில வாரங்களில் டசின் கணக்கானோர் விலகினார்கள். ஆனால் அவர்களில் பலர் அந்த நிகழ்ச்சியிலிருந்து காசை எடுத்து அதே அலைவரிசையின் மற்ற நிகழ்ச்சிகளில் போட்டார்கள். அலைவரிசைக்குப் பெரிய நட்டமில்லை. பெக்கின் நிகழ்ச்சி முடிவுக்கு வர 2011 ஜூன் வரை, ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. அந்த அமைப்பின் பலம் ஆள்தொகையில் இருக்கவில்லை. அது ஒரு நிகழ்ச்சியைப் பெயர் சொல்லிக் குறித்தது. இரண்டு வருடம் விடாமல் நின்றது.

இப்போது நண்பர்களின் முகச்சுளிப்புக்கு வருகிறேன். இந்த ஆயுதத்துக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதை இந்தியாவின் ஒரே ஒரு வாரம் காட்டிவிட்டது. 2020 ஒக்டோபரில், வெறுப்பைப் பரப்பும் மூன்று செய்தி அலைவரிசைகளுக்கு விளம்பரம் கொடுப்பதில்லை என்று பஜாஜ் ஓட்டோவின் ராஜீவ் பஜாஜ் அறிவித்தார். பார்லே பிஸ்கட் கம்பனியும் அதே திசையில் பேசியது. அந்த வருடம் கொரோனாவையே முஸ்லிம்களின் தலையில் கட்டிய அலைவரிசைகளைப் பார்த்து நொந்திருந்தவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் அதே வாரத்தில்தான், இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடக்கும் தனிஷ்க் நகைக் கம்பனியின் விளம்பரம், பகிஷ்கரிப்பு மிரட்டலால் திரும்பப் பெறப்பட்டது. ஒரே சொல், ஒரே மாதம், ஒரே நாடு. ஒன்று வெறுப்புக்குக் காசு கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. மற்றது அன்பைக் காட்டியதற்குத் தண்டனை கேட்டது.

நமக்கு நடந்தது எது? 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பொதுபல சேனா கிளப்பிய கூச்சலை நாம் மறக்கவில்லை. மார்ச் மாதத்தில் உலமா சபை உள்நாட்டுச் சந்தைக்கான இலச்சினையை விட்டுக்கொடுத்தது. அதே மாதக் கடைசியில் பெப்பிலியானவில் உடுபுடவைக் கடையொன்று தாக்கப்பட்டது. ஆக, விட்டுக்கொடுத்த பிறகும் கல் விழுந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர், அந்தப் பாவிகளை முதலில் சபித்த நம் சமூகத்தின் சில்லறைக் கடைக்காரன் வரை பகிஷ்கரிக்கப்பட்டான். மே 13ஆம் திகதி மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதே மாதம் 23ஆம் திகதி, குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் எழுதியது. திரைகள் அந்தப் பொய்யைப் பல நாட்கள் ஊதின. அந்த வைத்தியர் பின்னர் தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை 2022இல் ஆஸ்பத்திரி மருந்துக்கே நன்கொடையாகக் கொடுத்தார். ஊதியவர்களுக்கு விளம்பரம் கொடுத்த கம்பனிகளிடம் நாம் யாராவது ஒரு கேள்வி கேட்டோமா?

அந்தப் பகிஷ்கரிப்புக்கும் நான் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். நம் கடைக்காரனிடம் எவரும் ஒரு கோரிக்கை வைக்கவில்லை. அவன் எதைச் செய்தால் அல்லது எதை நிறுத்தினால் பகிஷ்கரிப்பு முடியும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஏனெனில் அவனது குற்றம் அவனது பெயர். முடிவில்லாத பகிஷ்கரிப்பு, பிறப்புக்குக் கொடுக்கும் தண்டனை. நியாயமான பகிஷ்கரிப்பு ஒரு செயலைக் குறித்தது. அந்தச் செயல் திருத்தப்பட்ட அன்றே அது முடிய வேண்டும். கம்பனி முதலாளி சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்ற கேள்வி அதற்குள் வந்தால், அந்த நிமிடமே நாம் மினுவாங்கொடைக்குப் போன கும்பலின் மொழியைப் பேசத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஊடக சுதந்திரம் பற்றியது. விளம்பரக் காசால் ஊடகத்தை வளைக்கலாம் என்றால், நாளை நல்ல பத்திரிகையும் வளையுமே என்பார்கள். உண்மை. அரசை விமர்சிக்கும் பத்திரிகைக்கு அரச விளம்பரத்தை நிறுத்திப் பட்டினி போடுவது இந்த நாட்டில் பழைய தந்திரம். ஆனால் அது இருட்டில் நடக்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. நுகர்வோரின் கேள்வி வெளிச்சத்தில் கேட்கப்பட வேண்டும். "இந்தக் கருத்தைச் சொல்லாதே" என்று அது கேட்கக் கூடாது. "இந்தத் திகதியில் சொன்ன இந்தப் பொய்யைத் திருத்து, சொல்லப்பட்டவனுக்கும் பேச இடம் கொடு" என்று மட்டுமே கேட்க வேண்டும். நமக்குக் கசக்கும் கருத்தைச் சொல்ல ஓர் அலைவரிசைக்கு உரிமையுண்டு. பொய்யைச் சொல்ல, அதுவும் பொது அலைக்கற்றையில் சொல்ல, உரிமையில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை நிராகரித்த நமது உயர் நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச் சொத்து என்பதையும், அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்பதையும் ஒருசேர வலியுறுத்தியது. ஆனால் அப்படியொரு சுயாதீன அமைப்பு வந்து நம் குறையைத் தீர்க்கும் வரை காத்திருக்க முடியாது.

ஆக, ஒரு நிகழ்ச்சி, ஒரு கோரிக்கை, ஒரு கெடு. கெடு முடிந்தால் வெளிப்படையான அறிவிப்பு. கோரிக்கை நிறைவேறினால் அதைவிட வெளிப்படையான நன்றி. 2023 ஒக்டோபருக்குப் பின் காஸாவுக்காக நம் கைபேசிகளில் சுற்றிய பட்டியல்களில் சில, கேள்விப்பட்ட கம்பனிகளையெல்லாம் ஆதாரமின்றிச் சேர்த்திருந்தன. நாற்பது பெயருள்ள பட்டியல் ஒருவரையும் பயமுறுத்தாது. அதில் ஒரு பெயர் பிழையென்றாலும் மற்ற முப்பத்தொன்பதின் உண்மையும் போய்விடும். பொய்க்கு எதிராகப் புறப்படுகிறவன் தன் பையில் பொய் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று, சொல்லச் சங்கடமானது. றமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நிகழ்ச்சி வைக்காத பெரிய அலைவரிசை குறைவு. அந்த நிகழ்ச்சிகளின் அனுசரணையாளர்களில் நம் முதலாளிமாரும் இருக்கிறார்கள். பதினொரு மாதம் நம்மைத் தூற்றும் திரைக்குப் பன்னிரண்டாம் மாதம் நாமே காசு கட்டி, அதன் மூலையில் பிறை வரைந்து பார்த்து மகிழ்கிறோம். வெளிநாட்டுக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன், பள்ளிவாசல் முன்வரிசையில் நமக்குப் பக்கத்தில் நிற்கும் இந்த முதலாளியிடம் போய், "காக்கா, அந்தக் காசைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்கலாமே. விலகச் சொல்லத் தேவையில்லை. காசு கொடுக்கும் கைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்பதை நினைவூட்டினால் போதும். அதே நியாயத்தோடு, தமிழிலோ முஸ்லிம்களின் கையிலோ உள்ள ஊடகம் சிங்களவரைப் பற்றியோ தமிழரைப் பற்றியோ பொய் சொன்னால் அங்கும் முதல் கடிதம் நம்முடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வாதம் வெறும் இனவாதமாக முடியும்.

கடைசியாக, இதை வாசிக்கும் எழுதுகிறவர்களுக்கு. இந்த வேலை வியாபாரிகளுக்கும் அமைப்புகளுக்கும் உரியது என்று ஒதுங்க நமக்கு இடமில்லை. திரையில் சொல்லப்பட்ட பொய்யை வாக்கியம் வாக்கியமாகக் குறிப்பது, எந்தச் சொல்லில் விஷம் இருக்கிறது என்று காட்டுவது, அதை ஆத்திரமின்றி ஒரு பக்கத்தில் எழுதுவது, இவை மொழி தெரிந்தவனின் வேலை. நாம் இருபது வருடமாக நம் துயரத்தைத் தமிழில், நமக்கு நாமே எழுதி வாசித்து வருகிறோம். அந்தத் துயரத்தைக் கேட்க வேண்டியவர் கொழும்பில் ஒரு கம்பனியின் சந்தைப்படுத்தல் பிரிவில் இருக்கிறார். அவருக்கு இந்தச் சஞ்சிகை போவதில்லை. அவருக்கான கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும். நம் பெயருக்குக் கீழே, அதே பொய்யால் அருவருப்படைந்த சிங்கள நண்பர் ஒருவரின் பெயரும் இருக்க வேண்டும். அப்படியான நண்பர்கள் இருக்கிறார்கள். 2020இல் கொரோனாவால் இறந்த நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மதிலில் வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் இன்னொரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதற்குப் பதிலாக, ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து, திகதி குறித்து, அந்த முதல் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு எழும்புவோம்.